நகையை அடகு வைப்பதற்கு முன்னால்

போன வாரம் ஓர் அம்மா மகளோடு வந்திருந்தார். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ வணிகவியல் முடித்த பெண். "ஏ.ஐ. படிக்கலைன்னா இனிமே வேலையே கிடைக்காதுன்னு என் தம்பி சொல்றான் சார். ஆறு மாசக் கோர்ஸ், ஒன்றரை லட்சம். நகையை வெச்சுடலாம்னு இருக்கேன்" என்றார்.

பயப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டு, மதிப்பெண் சான்றிதழை பி.டி.எஃப். ஆக்கி எனக்கு மெயில் போடும்படி அந்தப் பெண்ணிடம் சொன்னேன். நாள் முழுக்க ரீல்ஸ் தள்ளுகிற விரல்கள்தான். ஆனால் மெயில் பாஸ்வேர்டு தெரியவில்லை. கணக்கைத் திறந்து கொடுத்தவரே பிரவுசிங் சென்டர்காரராம். ஃபைலை 200 கே.பி.க்குள் குறைக்கச் சொன்னதும் அம்மாவைப் பார்த்தாள். அவள்மேல் தப்பில்லை, யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை.

கோடிங் பிடிக்குமா என்றேன். உதட்டைப் பிதுக்கினாள். தெருக்காரர்களை இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போய் ஆதார், ரேஷன் கார்டு வேலையை முடித்துக் கொடுப்பதென்றால் மட்டும் ஆசையாம். அப்புறம் என்ன? நகையைத் தொடாதீர்கள் என்று கறாராகவே சொல்லிவிட்டேன். மாமா ஆசைப்பட்டால் மாமா படிக்கட்டும்.

பலர் எட்டிக்கூடப் பார்க்காத இடம் ஒன்று உண்டு: அரசு ஐ.டி.ஐ., அதாவது தொழிற்பயிற்சி நிலையம். ஐ.டி.ஐ. என்றாலே வெல்டிங், ஃபிட்டர்தான் என்று நினைக்கிறோம். அங்கே 'கோபா' என்றொரு பிரிவு இருக்கிறது. கணினி இயக்குபவர் மற்றும் நிரலாக்க உதவியாளர் பயிற்சி; ஓராண்டு. பத்தாவது தேறியிருந்தால் போதும். கம்ப்யூட்டரை ஆன் செய்வதிலிருந்து தொடங்கி வேர்ட், எக்செல், மெயில், இணையம், இணையப் பாதுகாப்பு என்று படிப்படியாகப் போவார்கள். கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட்டும் வரும். அங்கேயே கோடிங் ஒத்துவருகிறதா என்று செலவில்லாமல் தெரிந்துவிடும். பாதி நேரத்துக்கு மேல் செய்முறைதான்.

பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சீருடை, பாடநூல், பஸ் பாஸ் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். முடித்தால் தேசியத் தொழிற்சான்றிதழ். அதை வைத்து, நிறுவனத்திலேயே வேலை பழகுகிற அப்ரண்டீஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம்.

எல்லா ஐ.டி.ஐ.யிலும் கோபா இருக்காது, பக்கத்தில் எங்கே இருக்கிறதென்று விசாரித்துவிட்டு விண்ணப்பியுங்கள் என்றேன். விண்ணப்பம் ஆன்லைனில்தான். அதை மட்டும் சென்டரில் கொடுக்காமல் அவளையே நிரப்பச் சொன்னேன்.

கிளம்பும்போது அந்த அம்மா, "நானும் பத்தாவது பாஸ்தான் சார்" என்றார். பெண்களுக்கு ஐ.டி.ஐ.யில் உச்ச வயது வரம்பு இல்லை என்றேன். மகள்தான் முதலில் சிரித்தாள்.