முதுகுத்தண்டு ஊசிக்கு இன்சூரன்ஸ் வருமா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயசு. பாத்ரூம்ல வழுக்கி விழுந்ததுல இருந்து டிஸ்க் பிதுங்கி கால் வரைக்கும் வலி. டிரமடால் மாத்திரை போட்டா தலைசுத்தல், மலச்சிக்கல். முதுகுத்தண்டுல ஸ்டீராய்டு ஊசி போட்டு சாயங்காலமே அனுப்பிடலாம்ங்கறார் டாக்டர். பாலிசி எடுத்து ஒன்றரை வருஷம் ஆச்சு. "ஒருநாள் அட்மிட் பண்ணுங்க, கிளெய்ம் ஆயிடும்"னு ஏஜென்ட் சொல்றார், செய்யலாமா?

பதில்: செய்யாதீங்க. இந்த 24 மணி நேர ஐடியாவ சொல்ற ஏஜென்ட், கிளெய்ம் ரிஜெக்ட் ஆனா போனையே எடுக்க மாட்டார். தேவையில்லாம படுக்க வச்சு ஸ்கேனும் டிரிப்பும் போட்டா, வெறும் பரிசோதனைக்கான அட்மிஷன்னு கம்பெனி ஒரே வரில தள்ளிடும், அதுக்குன்னே பாலிசில ஒரு விதி இருக்கு. இந்த ஊசிய டே கேர்லதான், அதாவது ஒரு நாள் தங்காம அன்னிக்கே வீட்டுக்குப் போற சிகிச்சையாத்தான், கேக்கணும். ஆபரேஷன் தியேட்டர்ல, மயக்க மருந்தோ மரப்பு மருந்தோ குடுத்து செஞ்சதா பேப்பர்ல இருக்கணும், இல்லன்னா ஓபி ட்ரீட்மென்ட்னு சொல்லிடுவாங்க. ஊசிக்கு முன்னாடியே கேஷ்லெஸ் (கம்பெனியே நேரா ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்றது) அப்ரூவல் கேளுங்க, 1 மணி நேரத்துல பதில் சொல்லணும்னு 2024லயே இன்சூரன்ஸ் கம்பெனிகளக் கட்டுப்படுத்தற ஐஆர்டிஏஐ சொல்லியாச்சு.

ஆனா உங்க கேஸ்ல முக்கியம் அந்த வழுக்கி விழுந்ததுதான். டிஸ்க் பிரச்சனைக்கு பெரும்பாலான பாலிசில 2 வருஷம் வெயிட்டிங், அதாவது பாலிசி எடுத்து அவ்வளவு நாள் ஆகாம கிளெய்ம் கிடையாது, உங்களுக்கு அது இன்னும் முடியல. விபத்தால வந்ததுன்னா அந்த வெயிட்டிங் கிடையாது. அதனால விழுந்த அன்னிக்கு பாத்த சீட்டு, எக்ஸ்ரே, கேஷுவாலிட்டிக்கு போயிருந்தா அங்க போடற விபத்துப் பதிவோட (ஏ.ஆர்.) காப்பி எல்லாத்தையும் தேடி எடுங்க, தேதி ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகணும். டிஸ்சார்ஜ் சம்மரில "நாள்பட்ட முதுகுவலி"ன்னு ஜூனியர் டாக்டர் பழக்கத்துல எழுதிட்டா போச்சு, கையெழுத்தாகறதுக்கு முன்னாடி படிச்சுப் பாத்து திருத்தச் சொல்லுங்க. அதுக்காக விழாதவங்கள விழுந்ததா எழுதச் சொல்லாதீங்க, மாட்டுனா பாலிசியே போயிடும். அம்மாவுக்கு முன்னாடியே முதுகுவலி இருந்திருந்தா அதையும் மறைக்க வேணாம்.

பல லட்சத்துக்கு ஆபரேஷன்னா பேசாம காசு குடுப்பாங்க, அத தவிர்க்கற ஊசிக்கு நூறு கேள்வி, என்ன சிஸ்டமோ. பிசியோதெரபியும் அப்படித்தான். ஊசி கிளெய்ம் பாஸானா, டாக்டர் எழுதிக் குடுத்த பிசியோ பில்ல டிஸ்சார்ஜுக்கு அப்புறமான செலவுல, வழக்கமா 60 நாள் வரைக்கும், கேட்டுப் பாக்கலாம். தனியா போனா கைக்காசுதான்.

ரிஜெக்ட் பண்ணா காரணத்த எழுத்துல வாங்கி கம்பெனிக்கே முதல்ல புகார் குடுங்க. 30 நாள்ல சரியான பதில் வரலன்னா இன்சூரன்ஸ் புகார விசாரிச்சு முடிவு சொல்ற சென்னை இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன் ஆபீஸ், 1 வருஷத்துக்குள்ள போகணும், ஃபீஸ் கிடையாது. வக்கீல், ஏஜென்ட் யாரும் உங்களுக்காக அங்க ஆஜராக முடியாது, அதனால "பாதிப் பணம் குடுங்க, கிளெய்ம் வாங்கித் தர்றேன்"னு வர்றவங்ககிட்ட பாலிசி பேப்பரக் கண்ணுல கூட காட்டாதீங்க.