ஒடுக்குமுறைக்கு எதிரான சமூகப் பணியில் சொல் ஏன் இவ்வளவு முக்கியம்?

சொல்லை மாற்றினால் ஒடுக்குமுறை போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகாது. ஆனால் அடுத்து வரும் சமூகப் பணியாளர், உதவி கேட்டு வந்தவரைப் பார்ப்பதற்கு முன், அவரைப் பற்றி நாம் எழுதிய கோப்பைத்தான் படிக்கிறார்.

ஒரு தாயைப் பற்றி "ஒத்துழைக்க மறுக்கிறார்" என்று எழுதினால் குற்றம் அவர் குணத்தில் போய் உட்கார்ந்துவிடும். "மூன்று சந்திப்புகளும் அவருடைய வேலை நேரத்தில் வைக்கப்பட்டன, வர முடியவில்லை" என்று எழுதிப் பாருங்கள். மாற வேண்டியது நம் அட்டவணை என்பது அப்போது தெரியும்.

என்னை அதிகம் உறுத்துவது செயப்பாட்டு வினைதான். "அவர் தாக்கப்பட்டார்" என்றால் அடித்தவர் வாக்கியத்திலிருந்தே தப்பிவிடுகிறார். "கணவர் தன்னை அடித்ததாக அந்தப் பெண் சொன்னார்" என்றே எழுத வேண்டும். தமிழில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு: அதிகாரிக்கு 'அவர்', உதவி கேட்டு வருபவருக்கு 'அவன்'. அந்த ஒரு விகுதியே யார் மேல், யார் கீழ் என்று சொல்லிவிடுகிறது.

சொல்லை மாற்றுவது சிந்தனையையும் மாற்றும் என்பதற்கு மாற்றுத்திறனாளிகள் இயக்கமே சான்று. உடல் குறைபாடு வேறு, சமூகம் உண்டாக்கும் முடக்கம் வேறு என்று 1976இல் பிரிட்டனில் அவர்களுடைய அமைப்பு ஒன்று பிரித்துக் காட்டியது. அதன்பின் கேள்வி, படியேற முடியாதவரை விட்டு, சாய்தளம் இல்லாத கட்டடத்தின் பக்கம் திரும்பியது.

'பயனாளி' என்ற சொல்லும் எனக்கு உவப்பில்லை, வாங்கிக்கொள்பவர் என்ற தொனி அதில் இருக்கிறது. எப்படி அழைக்கலாம் என்று அவரிடமே கேளுங்கள். எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள், அவர் மறுக்கும் இடத்தைக் குறிப்பிலேயே பதியுங்கள்.