தட்டின்மேல் நடப்பது யார்? கேள்வி பதில்

வீட்டோடு வந்து ஒட்டிக்கொண்ட புது உயிர்களைப் பற்றிக் கேளுங்கள் என்றிருந்தேன். வந்தவற்றில் சில.

குலசேகரம்: பழைய ஓட்டு வீடு. ராத்திரி தட்டின்மேல் யாரோ நடக்கிறார்கள். மாமியார் பேய் என்கிறார்.

பேய் பப்பாளி தின்னாது. காலையில் கைப்பிடிச் சுவரில் எச்சம் கிடந்தால் குச்சியால் கிளறிப் பாருங்கள். பழவிதை முழுசாக இருந்தால் மரநாய். உங்கள் பக்கத்தில் மரப்பட்டி என்பார்கள். பகலெல்லாம் மச்சில் தூங்கி, இருட்டியபின் இறங்கும். பனையேறிகளுக்குப் பழைய சிநேகிதர், கலயத்தில் வாய் வைக்கிற ஆள். பெயரில் நாய் இருந்தாலும் புனுகுப்பூனைக் குடும்பம்தான். இரவில் அது வெளியே போனதும் ஓட்டு இடைவெளியைக் கம்பிவலையால் அடையுங்கள். உள்ளே குட்டி கத்தினால் அடைக்காதீர்கள், தாய் ஓட்டையே பிரித்துவிடும். குட்டிகள் கிளம்பும்வரை பொறுங்கள். தீனி மட்டும் வைக்காதீர்கள்.

தக்கலை: மரநாய்க்குப் பால் வைத்தால் பழகுமா?

வைக்காதீர்கள்.

தேரூர்: பம்பு ரூமில் வெள்ளை மூஞ்சி ஆந்தை. சீறுகிறது. அபசகுனமா?

எலிக்குத்தான் அபசகுனம். அது கூகை. தரையில் கறுப்பு உருண்டைகள் கிடக்குமே, ஒன்றை உடைத்தால் ரோமத்துக்குள் எலியின் மண்டையோடு இருக்கும். வயலில் எலிமருந்து வைக்காதீர்கள். மருந்து தின்ற எலியைத் தின்று அதுவும் சாகும்.

மார்த்தாண்டம்: வாழைத்தோட்டம் முழுக்க ஆப்பிரிக்க நத்தை. உப்பு தூவலாமா?

கூடாது. மண் கெடும், வாழையும் போகும். ஈரச்சாக்கை விரித்து அடியில் பப்பாளி இலை வையுங்கள். விடியுமுன் பொறுக்கி உப்புத்தண்ணீர் வாளியில் போடுங்கள். கையுறை கட்டாயம்: நத்தையிலுள்ள புழு மூளைக்காய்ச்சல் வரை கொண்டுபோகும்.

கருங்கல்: சார், எங்க அப்பா உப்புதான் தூவினாரு. வாழைக்கு ஒண்ணும் ஆகல.

ஒரு பிடி தூவியிருப்பார். இவர் தோட்டம் முழுக்கத் தூவப் போகிறார்.

மார்த்தாண்டம்: அண்ணாச்சி சொல்றதும் சரிதானே? வாளியிலயும் உப்புதானே போடுறோம்?

வாளியில் வாழை முளைக்காது. 1847-ல் கல்கத்தாவில் ஒருவர் இந்த நத்தையைக் கொண்டுவந்து விட்டதன் வினை. உப்புக்கதை இத்தோடு போதும்.

திருவட்டார்: மரநாய்க்கு முட்டை வைக்கலாமா?

தக்கலைக்காரருக்குச் சொன்னதுதான்.

குலசேகரம் (மறுபடி): கிளறினேன் சார். சப்போட்டா விதை. மாமியாருக்கு இப்போது பேய் போய்விட்ட வருத்தம்.

மரம் அவருடையதா?

குலசேகரம்: ஆமாம். இனிமேல் மரநாயைத்தான் திட்டுவார்.