அண்டாவில் துளை போடலாமா?

அன்புள்ள ஐயா,

என் மாமியார் காலமாகி ஓராண்டு ஆகிறது. பரணில் கிடந்த அவருடைய பாத்திரங்களை இப்போதுதான் இறக்கினோம். பெரிய பித்தளை அண்டா, ஒரு தவலை, சில செம்புகள், ரசம் வைக்கும் ஈயச் சொம்பு, விளிம்பில் கீறல் விட்ட ஊறுகாய் ஜாடி, அடியில் ஒழுகும் அலுமினிய இட்லிக் குண்டான், கைப்பிடி போன குக்கர். எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு மனம் வரவில்லை. பித்தளைப் பாத்திரங்களில் செடி வைத்த படங்களைக் கைபேசியில் பார்த்துவிட்டு, ஒரு செம்பின் அடியில் கூழாங்கல் பரப்பி, மண் நிரப்பி, மொட்டை மாடியில் துளசி வைத்தேன். தினமும் தண்ணீர் விட்டும் இலை மஞ்சளாகி, தண்டு கறுத்துப் பட்டுப்போய்விட்டது. பித்தளை செடிக்கு ஆகாதா? டிரில்லிங் மெஷின் வைத்திருக்கும் என் மகன் அண்டாவில் துளை போட்டுத் தருகிறேன் என்று நிற்கிறான். போடலாமா?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

துளசி செத்தது தண்ணீரால். பித்தளையின் மேல் அந்தப் பழியைப் போட வேண்டாம். செம்பைக் கவிழ்த்து மண்ணைத் தட்டி முகர்ந்து பாருங்கள். சாக்கடை வாடை அடித்து, வேரை இழுத்தால் கறுத்த தோல் கையோடு உரிந்து வந்தால் அது வேரழுகல். வேருக்கு ஈரம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். துளையில்லாத செம்பில் தினமும் ஊற்றினால் காற்று இருக்க வேண்டிய இடத்தையும் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது.

கூழாங்கல் இதைத் தடுக்காது, கெடுக்கவே செய்யும். பொடி மண்ணிலிருந்து பெரிய கல்லுக்குத் தண்ணீர் எளிதில் இறங்குவதில்லை. மேலேயுள்ள மண் முழுக்க ஊறிய பிறகுதான் சொட்டத் தொடங்கும். செம்பின் உயரமே ஒரு சாண்தான். அதில் நான்கு விரற்கடைக்குக் கல்லைப் போட்டால் சேறு அந்த அளவுக்கு வேரை நோக்கி ஏறி நிற்கும். துளையுள்ள தொட்டியிலும் கல் வேண்டாம். துளையை மண் அடைக்காமலிருக்க ஓர் ஓட்டாஞ்சில்லு போதும்.

நீங்கள் பார்த்த படங்களில் பித்தளை எப்படிப் பளபளக்கிறது, கவனித்தீர்களா? ஒரு மழைக்காலத்தை ஈர மண்ணோடு கழித்த பித்தளை அப்படி மின்னாது. காலையில் செடியை வைத்துப் படம் பிடித்து, மாலையில் எடுத்திருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

ஆனால் பித்தளை செடிக்கு முழுக்க நல்லதும் அல்ல. அது தாமிரமும் துத்தநாகமும் சேர்ந்த உலோகம். தாமிரம் துளியளவுக்கு மேல் போனால் வேருக்கு நஞ்சு. வெற்றிலைக் கொடிக்கும் திராட்சைக்கும் தெளிக்கிற போர்டோக் கலவை, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துச் செய்வது. 1880களில் பிரான்சில் திராட்சைக் கொடிகளின் பூஞ்சை நோய்க்காகக் கண்டுபிடித்தார்கள். பூஞ்சையைக் கொல்வது அதிலுள்ள தாமிரம்தான். தொட்டியின் உட்புறத்தில் தாமிரச் சேர்மத்தைப் பூசி வைக்கும் நாற்றுப் பண்ணைகளும் உண்டு. வேர்நுனி அதைத் தொட்டதும் வளர்ச்சி நின்றுவிடும், வேர் தொட்டிக்குள் வட்டமாகச் சுற்றிக்கொள்ளாது. உங்கள் செம்பு சில வாரங்களில் இவ்வளவையும் செய்துவிடாது. ஆனால் எருவும் ஈரமும் நாள்பட அரித்தால் களிம்பு ஏறும், மண்ணில் இறங்கும். பழைய பாத்திரத்தில் பற்றவைத்து ஓட்டை அடைத்த இடம் இருந்தால் அதில் காரீயமும் இருக்கலாம். கீரையோ, வாயில் போடும் துளசியோ பித்தளையில் வேண்டாம்.

அண்டாவுக்கு வருகிறேன். விளிம்புக்குக் கீழே விரலை ஓட்டிப் பாருங்கள். பொடிப் பொடியாகப் புள்ளி வைத்து வெட்டிய எழுத்துகள் தட்டுப்படலாம். பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து சிற்றுளியால் தட்டித் தட்டிப் பெயர் வெட்டியிருப்பார்கள். வாங்கியவரின் பெயரோ, சீர் கொடுத்தவரின் பெயரோ இருக்கும். அந்த அண்டாவுக்கு இன்னும் வேலை இருக்கிறது. உள்ளே ஈயம் பூசினால் நாளைக்கே ஒரு விசேஷத்துக்கு அடுப்பில் ஏறும். துளை போட்டால் அன்றோடு அது பாத்திரம் இல்லை. எடைக்குப் போடுவது ஒரு முடிவு, அடியில் துளை போடுவதும் ஏறக்குறைய அதே முடிவுதான். மனம் வராமல் வைத்துக்கொண்ட பொருளை ஏன் ஓட்டையாக்க வேண்டும்?

மாடியில் அண்டா இருந்தே ஆக வேண்டும் என்றால் உறையாக வையுங்கள். உள்ளே இரண்டு செங்கல், அதன்மேல் துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டி, அதில் செடி. தண்ணீர் விடும்போது தொட்டியை வெளியே எடுத்து ஊற்றி, வடிந்த பிறகு திரும்ப வைக்கலாம். தவலைக்கும் செம்புக்கும் வாய் குறுகல். அவற்றில் இதுவும் நடக்காது. துலக்கி வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அண்டாவில் நீர் நிரப்பி அல்லி வளர்க்கலாமே என்று அடுத்து யாராவது சொல்வார்கள். கொசுப்புழுவைத் தின்ன அதில் மீன் விட வேண்டும். தாமிரம் கரைந்த நீர் மீனுக்கு ஆகாது. மீன் இல்லையென்றால் கொசு. அல்லிக்குச் சிமென்ட் தொட்டியே சரி.

ஈயச் சொம்பைப் பற்றிப் பேச்சே வேண்டாம், அதில் ரசம் வையுங்கள். வெறுமனே அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும்.

செடிக்குக் கொடுக்க வேண்டியது இட்லிக் குண்டானைத்தான். ஏற்கெனவே ஒழுகுகிற பாத்திரம், துளையால் அதற்கு நஷ்டமில்லை. ஒரு மரக்கட்டையின் மேல் நிறுத்தி, உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக ஆணி அடிக்கச் சொல்லுங்கள். வெளியிலிருந்து அடித்தால் தகடு உள்பக்கம் பிதுங்கி, துளையைச் சுற்றி மேடு கட்டி நீரைத் தேக்கும். ஐந்தாறு துளைகள், பென்சில் பருமனில். செம்மண்ணும் மட்கிய தொழு உரமும் தென்னை நார்க் கழிவும் சம அளவில் கலந்தால் மண் இறுகாது. மண் புளித்தால் அலுமினியம் கரையும் என்பதால் புளித்த மோர்க் கரைசலை இதில் ஊற்ற வேண்டாம். சிறுகீரை, வெந்தயக்கீரை, கொத்தமல்லி எல்லாம் ஒரு சாண் ஆழத்தில் வந்துவிடும். குக்கரில் புதினா வையுங்கள். கடையில் வாங்கும் கட்டிலிருந்தே முற்றிய தண்டுகளாகப் பார்த்து ஊன்றினால் பிடித்துக்கொள்ளும்.

உங்கள் ஊர் வெயிலுக்கு ஒரு எச்சரிக்கை. மண்தொட்டி நீரைக் கசியவிட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். உலோகத்துக்கு அந்த வசதி இல்லை. கத்திரி வெயிலில் மொட்டை மாடித் தளத்தில் வைத்த குண்டானைத் தொட்டுப் பாருங்கள், வேர் படும் பாடு புரியும். உள்சுவரை ஒட்டி இரண்டு விரல் கனத்துக்குத் தேங்காய் நாரைச் சுற்றிவிட்டு மண் நிரப்புங்கள். செங்கல்லின் மேல், காலை வெயில் மட்டும் விழும் பக்கத்தில் வையுங்கள்.

ஜாடி நான்கைந்து நாட்கள் தண்ணீரில் கிடக்கட்டும், தினமும் நீரை மாற்றுங்கள். கீறலுக்குள் வருடக்கணக்கில் ஊறிய உப்பு இருக்கிறது. அப்படியே மண் போட்டால் இலையின் ஓரம் கருகும். துளையிட, மெஷினில் மாட்டும் ஓடு துளைக்கும் அலகு (டிரில் பிட்) வேண்டும். மெஷினை அதிர்வு இல்லாமல் மெதுவாக ஓட்ட வேண்டும், துளைக்கும் இடத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பழைய மெருகில் காரீயம் கலந்திருக்கலாம் என்பதால் அதில் சாப்பிடுகிற செடி வேண்டாம், மணி பிளான்ட் வையுங்கள்.

எதன் அடியிலும் தட்டு வைத்து நீரைத் தேக்காதீர்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு மூடித் தண்ணீர் போதும். முட்டை ஏழு முதல் பத்து நாட்களில் கொசுவாகிவிடும். தண்ணீர் வற்றினாலும் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் காத்திருக்கும், ஆகவே கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் மாடியிலுள்ள காலிப் பாத்திரங்களைக் கவிழ்த்துவிடுங்கள்.

உங்கள் கணவர் சொல்வதிலும் பாதி நியாயம் உண்டு. நசுங்கிய செம்பு இரண்டு மூன்று இருந்தால் எடைக்குப் போடலாம், பித்தளைக்கு நல்ல விலை கிடைக்கும். துளசிக்கு ஒரு மண்தொட்டி வாங்குங்கள். மகனின் ஆசையைக் கெடுக்க வேண்டாம், குண்டானையும் குக்கரையும் ஜாடியையும் அவரிடம் ஒப்படையுங்கள். வேலை முடிந்து மெஷினை உறைக்குள் போடும்வரை அண்டா திரும்பப் பரணில் ஏறி இருக்கட்டும்.