கிரீஸ் எலுமிச்சை சிக்கன் சூப்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

போன வாரம் சளி புடிச்சு கெடந்தப்ப "அவ்கோலேமோனோ வெச்சுக் குடிச்சேன், தொண்டைக்கு இதமா இருந்துச்சு"ன்னு ஒரே ஒரு வரி எழுதினேன், அதுக்கு இத்தன கேள்வி வரும்னு நினைக்கல. தெரியாதவங்களுக்கு: கிரேக்கத்துல அவ்கோன்னா முட்டை, லெமோனின்னா எலுமிச்சை. கோழித் தண்ணியில அரிசிய வேக வெச்சு, கடைசியில முட்டையும் எலுமிச்சை சாறும் அடிச்சு கலக்குற சூப். பால், கிரீம் எதுவும் கெடையாது, ஆனா குடிச்சா கிரீம் போட்ட மாதிரியே இருக்கும்.

எனக்கு எப்படி தெரியும்னா, வீட்டுக்காரருக்கு பிரேயஸ் துறைமுகத்துல ஷிப்பிங் ஆபீஸ் வேலை, அதனால நாலு வருஷம் ஏதென்ஸ்ல கிப்செலிங்கிற ஏரியாவுல இருந்தோம். கீழ் வீட்டு பாட்டி தான் கத்துக் குடுத்தாங்க. அங்க பாட்டிய யாயான்னு கூப்பிடுவாங்க, நானும் அப்படியே கூப்பிட்டேன். எனக்கு கிரேக்கம் அரைகுறை, அவங்களுக்கு இங்கிலீஷ் சுத்தமா வராது, பாதி பாடம் கை ஜாடையில தான் நடந்துச்சு.

கத்துக்குட்டி: அக்கா, மொதல்ல அளவோட முழு ரெசிபி சொல்லுங்க. நாலு பேருக்கு.

தோலோட முழு கோழி ஒண்ணேகால் கிலோ, ரெண்டரை லிட்டர் பச்சத்தண்ணியில போடுங்க. கொதி வர்றப்ப சாம்பல் கலர்ல நுரை மேல வரும், அத பொறுமையா கரண்டியால எடுத்துக் கொட்டிடணும், இத விட்டா சூப் கலங்கலா ஆயிடும். அப்புறம் ஒரு வெங்காயம் முழுசா, ஒரு கேரட், செலரி கெடைச்சா ஒரு தண்டு, பிரிஞ்சி இலை ஒண்ணு, பத்து மிளகு, உப்பு. தீய சின்னதா வெச்சு ஒரு மணி நேரம், தண்ணி தளதளன்னு கொதிக்கக் கூடாது, ஓரத்துல மட்டும் லேசா அசையணும். கோழிய எடுத்து ஆற வெச்சு பிச்சு வெச்சுக்கங்க, தண்ணிய வடிகட்டுங்க, ஒன்னேமுக்கால் லிட்டர் கிட்ட நிக்கும். அதுல அரை கப், அதாவது நூறு கிராம் பச்சரிசி போட்டு குழைய வேக விடுங்க, இருபது நிமிஷம். வெந்ததும் அடுப்ப அணைச்சிட்டு அஞ்சு நிமிஷம் சும்மா விடுங்க. இந்த அஞ்சு நிமிஷத்த தான் எல்லாரும் கோட்டை விடுறது.

அந்த நேரத்துல ஒரு பெரிய கிண்ணத்துல மூணு முட்டைய நல்லா நுரை வர அடிச்சு, ஆறு டேபிள்ஸ்பூன் எலுமிச்சை சாறு ஊத்தி இன்னும் அடிங்க. கிண்ணத்துக்கு அடியில ஈரத்துணி போட்டா வழுக்காது, ஏன்னா இப்ப ஒரு கை அடிக்கணும், ஒரு கை ஊத்தணும். சூப்போட மேல்தண்ணிய ஒரு கரண்டி மொண்டு நூல் மாதிரி ஊத்திக்கிட்டே அடிங்க. இப்படி நாலு கரண்டி. யாயா நடுவுல கிண்ணத்தோட அடிய தொட்டுப் பாப்பாங்க, கைக்கு நல்லா சூடேறியிருந்தா தான் அடுத்த வேலை. அப்புறம் கிண்ணத்துல இருக்கறத மெதுவா பானையில ஊத்தி ஒரே பக்கமா கலக்குங்க, அடுப்ப ரொம்ப சிறுசா வெச்சு ரெண்டு நிமிஷம், கரண்டி முதுகுல லேசா ஒட்டுனா ஆச்சு. கோழிய போட்டு மிளகு தூவி குடிங்க.

வேலூர்வாசி: நான் போன மாசமே யூடியூப் பாத்து செஞ்சேன். முட்டை திரிதிரியா போயி முட்டைப் பொரியல் போட்ட ரசம் மாதிரி ஆயிடுச்சு. எங்க தப்பு?

சிரிச்சுட்டேன் மன்னிச்சுக்கங்க. என்னோட மொத தடவையும் இதே கதி தான், யாயா எட்டிப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம எனக்கு ஒரு பிரட் துண்ட நீட்டினாங்க, வேற என்ன சொல்ல முடியும்.

உங்களுக்கு மோர்க்குழம்பு வைக்கத் தெரியும்ல? மோர ஊத்தினப்புறம் என்ன செய்வீங்க, நுரை கூடி வந்த உடனே இறக்கிடுவீங்க, கொதிக்க விட்டா திரிஞ்சிடும். இதுவும் அதே சங்கதி தான், மோருக்குப் பதிலா முட்டை. தனி மஞ்சக்கரு 65 டிகிரி தாண்டினா கெட்டியாக ஆரம்பிச்சு 70 கிட்ட உறைஞ்சிடும். கொதிக்கற தண்ணி 100 டிகிரி. நேரா அதுல ஊத்தினா விழுந்த எடத்துலயே வெந்து திரியாத்தான் போகும். கொஞ்சம் கொஞ்சமா சூடு ஏத்தி, தண்ணியும் அரிசிக் கஞ்சியும் கலந்து நீர்த்துப் போச்சுன்னா உறையுற சூடு மேல தள்ளிப் போயிடும், அதான் அந்த நாலு கரண்டி. மோர்க்குழம்புல அரிசி, பருப்பு ஊற வெச்சு அரைச்சு விடுறோமே, அது மோர் திரியாம புடிச்சு வைக்கும், இங்க அந்த வேலைய அரிசிக் கஞ்சி பாக்குது. பயமா இருக்குன்னா முட்டை அடிக்கறப்ப ஒரு டீஸ்பூன் கார்ன்ஃபிளார் சேத்துக்கங்க, கிரீஸ்லயே நெறைய வீட்டுல போடுறாங்க, கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல.

இன்னொரு டெக்னிக் இருக்கு, நம்பறது உங்க இஷ்டம். பானையில முட்டைய ஊத்தறப்ப வாயால இச்சு இச்சுன்னு முத்தம் குடுக்கற சத்தம் போடணும், அப்ப தான் திரியாதாம். பழைய ஆளுங்க நெஜமாவே செய்வாங்க. யாயா மூச்சு விடாம போடுவாங்க. நான் யோசிச்சுப் பாத்ததுல, சத்தம் போட்டுக்கிட்டே ஊத்தறப்ப கை தானா நிதானமாயிடுது, அவ்ளோ தான் ரகசியம் போல.

புழுங்கலரிசி பிரியை: எங்க வீட்டுல பொன்னி புழுங்கல் தான் இருக்கு. பாஸ்மதியும் கொஞ்சம் இருக்கு. எது போடலாம்?

ரெண்டும் வேணாம். அங்க சூப்புக்குன்னே குண்டா உருண்டையா ஒரு அரிசி, கிளாசேன்னு பாக்கெட்ல விப்பாங்க, வெந்தா கஞ்சி விடும். நமக்கு பச்சரிசி தான் கிட்ட வரும், பொங்கலுக்கு வாங்கறது இருந்தா ரொம்ப நல்லது. ஒரு தடவ மட்டும் கழுவுங்க, அஞ்சு தண்ணி ஊத்தி கழுவினா மாவெல்லாம் சிங்க்ல போயிடும். அரிசி மாதிரியே இருக்கற ஒரு பாஸ்தா உண்டு, கிரித்தராக்கின்னு சொல்வாங்க, நம்ம ஊர் சூப்பர் மார்க்கெட்ல ஓர்சோன்னு இருக்கும், அதுவும் போடலாம்.

மதுரைக்காரி: நம்ம எலுமிச்சையும் அவங்க எலுமிச்சையும் ஒண்ணா?

இல்ல. அங்க பெருசா, மஞ்சளா, தோல் தடிமனா, வாசனை அதிகம் புளிப்பு கம்மி, ஒரு பழத்துல மூணு டேபிள்ஸ்பூன் சாறு வரும். நம்மது சின்னது, ஒரு ஸ்பூன், ரொம்ப போனா ஒன்றரை ஸ்பூன் தான் வரும், ஆனா வெடுக்குன்னு இருக்கும். அதனால பழத்த எண்ணாதீங்க, ஸ்பூன்ல அளங்க, நம்ம பழம்னா நாலு ஸ்பூன்ல ஆரம்பிச்சு ருசி பாத்து ஏத்துங்க. கொட்டைய வடிகட்டிடுங்க, தோல ஒட்டப் புழியாதீங்க, கசந்துடும்.

ரெண்டு புள்ள அம்மா: எங்க வீட்டுல முட்டை வாடைனா ஓடுவாங்க. வருமா?

ஒழுங்கா செஞ்சா வராது, எலுமிச்சை தூக்கி சாப்பிட்டுடும். வெள்ளைக்கருவுல இருக்கற வழவழ நாரு அடிபடாம விட்டா தான் வாடை. மொதல்ல வெள்ளைக்கருவ மட்டும் தனியா பொங்க பொங்க அடிச்சு, அப்புறம் மஞ்சக்கரு, அப்புறம் சாறுன்னு போங்க, மேல மெத்துமெத்துன்னு நுரை நிக்கும், பசங்க ரொம்ப விரும்பறாங்க. இன்னும் சந்தேகம்னா நாலு மஞ்சக்கரு மட்டும் போடுங்க, வெல்வெட் மாதிரி வரும், ஆனா நுரை இருக்காது. எனக்கு முழு முட்டை தான் புடிக்கும்.

காரசாரம்: இஞ்சி பூண்டு பேஸ்ட், மஞ்சத்தூள், கொஞ்சம் சீரகம் போட்டா இன்னும் தூக்கலா இருக்காதா?

இருக்கும், ஆனா அது வேற சூப். அதுக்கு நம்ம நாட்டுக்கோழி ரசம் இருக்கே, அத எதுக்கு முட்டை ஊத்தி கெடுக்கணும். இதுல மூணே மூணு ருசி: கோழி, புளிப்பு, உப்பு. மஞ்சள் போட்டா எலுமிச்சை வாசனை அமுங்கிடும். ஒரு மாத்தம் வேணும்னா சோயாக்கீரை பொடியா நறுக்கி கடைசியில தூவுங்க, அதான் டில், சதகுப்பைன்னும் சொல்வாங்க. அது அங்கயும் நெறைய சேப்பாங்க. உப்ப மட்டும் எலுமிச்சை கலந்தப்புறம் திரும்ப ஒரு தடவ பாருங்க, புளிப்பு ஏறினதும் உப்பு கம்மியா தெரியும். முக்காவாசி பேர் "சப்புன்னு இருக்கு"ன்னு சொல்றது உப்பு பத்தாம தான்.

டொரண்டோ தமிழன்: அக்கா, இஞ்ச டான்ஃபோர்த் அவென்யூப் பக்கம் நிறைய கிரேக்கக் கடையள் இருக்கு. ஒரு கடையில குடிச்சனான், கஞ்சி மாதிரி தடிப்பா, நல்ல மஞ்சளா இருந்தது. வீட்டில செய்தா தண்ணியாத்தான் வருது. ஏன்?

தம்பி, அந்த கடைக்காரங்க என்ன போட்டாங்கன்னு எனக்கு எப்படி தெரியும்! பொதுவா கடைச் சமையல்ல சூப்ப மணிக்கணக்கா சூட்டுல வெச்சிருக்கணும், அதனால மாவு கூட போட்டு இறுக்கறது உண்டு. அரிசியும் நின்னு நின்னு தண்ணிய உறிஞ்சிடும். வீட்டு சூப் இளகலா, பாயசம் பதத்துல இருக்கறது தான் சரி. உங்களுக்கு தடிப்பா தான் வேணும்னா வெந்த அரிசியில ஒரு கரண்டிய எடுத்து மிக்சியில அடிச்சு திரும்ப ஊத்துங்க.

மூணு பேர் ஒரு ரூம்: முழு கோழி வாங்க வசதி இல்ல. போன்லெஸ்ஸும் சூப் கியூபும் வெச்சு ஒப்பேத்தலாமா?

போன்லெஸ் வேஸ்ட் தம்பி, காசும் ஜாஸ்தி. கோழிக் கடையில கழுத்து, முதுகெலும்பு, கால் இதெல்லாம் கொறஞ்ச விலைக்கு தருவாங்க, ஒரு கிலோ வாங்கி ஒன்றரை மணி நேரம் போடுங்க, ஆறினா ஜெல்லி மாதிரி உறையும், அந்த தண்ணி தான் சூப்போட உசுரு. குக்கர்லயும் வைக்கலாம், மூடறதுக்கு முன்னாடி நுரைய எடுத்துடுங்க. கியூப் போட்டா அதுலயே உப்பு இருக்கு, தனியா போட்டுடாதீங்க. அலுமினியப் பாத்திரம் மட்டும் வேணாம், எலுமிச்சை பட்டா ஒரு மாதிரி இரும்பு ருசி வந்துடும், எவர்சில்வர் எடுங்க.

அஞ்சாம் மாசம்: நான் கர்ப்பமா இருக்கேன். முட்டை பச்சையா இருக்குமோன்னு பயம்.

நியாயமான பயம். கிண்ணத்துல அடிச்சு ஊத்தினதோட விட்டா முட்டை முழுசா வெந்துதான்னு கண்ணால சொல்ல முடியாது. சமையல் தெர்மாமீட்டர் இருந்தா கலந்தப்புறம் சூப் 71 டிகிரி தொட்டுச்சான்னு பாருங்க, முட்டைக்கு பாதுகாப்பான சூடு அது. உங்களுக்கு கார்ன்ஃபிளார் கட்டாயம், அது இருந்தா 75 வரைக்கும் திரியாம தாங்கும். தெர்மாமீட்டர் இல்லன்னா இந்த சூப்ப குழந்த பொறந்தப்புறம் வெச்சுக்கலாம்மா, இப்ப முட்டை போடாம எலுமிச்சை மட்டும் புழிஞ்சு குடிங்க, அடுப்ப அணைச்சப்புறம் புழியணும், லெமன் ரசத்துக்கு செய்வோமே அப்படி.

ஃப்ரிட்ஜ் ராணி: மிச்சமானா?

சீக்கிரம் ஆற வெச்சு ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல, ரெண்டு நாள் போதும். சாதம் சேந்திருக்கு, வெளியில ராத்திரி பூரா வைக்காதீங்க. காலையில களி மாதிரி இறுகியிருக்கும், கொஞ்சம் வெந்நீர் விட்டு சின்ன தீயில கிண்டிக்கிட்டே சூடு பண்ணுங்க, கொதிச்சா திரியும். ஃப்ரீசருக்கு முட்டை கலந்தது சரி வராது. வெறும் கோழித் தண்ணிய டப்பா டப்பாவா போட்டு வெச்சுட்டு, வேணுங்கறப்ப அரிசியும் முட்டையும் புதுசா செய்றது தான் என் வழக்கம்.

சைவம் மட்டும்: கோழியும் வேணாம் முட்டையும் வேணாம். எங்களுக்கு ஒண்ணுமே இல்லையா?

இருக்கு! இத கேப்பீங்கன்னு தான் காத்திருந்தேன். ஈஸ்டருக்கு முன்னாடி கிரீஸ்ல 48 நாள் விரதம், நம்ம ஒரு மண்டலம் மாதிரி, கறி, முட்டை, பால் ஒண்ணும் தொட மாட்டாங்க. அப்ப, குறிப்பா பெரிய வெள்ளிக்கிழமை, தஹினோசூப்பான்னு ஒண்ணு வைப்பாங்க. எள்ளு விழுது நாலு ஸ்பூன எலுமிச்சை சாறு விட்டு அடிச்சா மொதல்ல இறுகி கல்லு மாதிரி ஆகும், பயப்படாதீங்க, வெந்நீர் சொட்டு சொட்டா விட விட வெள்ளையா இளகும். அத வெந்த அரிசிக் கஞ்சியில கலந்தா முட்டை போட்ட மாதிரியே வழவழன்னு இருக்கும். எள்ளு கருகாம வறுத்து அரைங்க.

சரித்திரம் பித்தன்: இது கிரீஸோட சொந்த ஐட்டம் தானா?

சண்டை வரும் கேள்வி. துருக்கியில இதே வேலைக்கு தெர்பியேன்னு பேரு. 1492ல ஸ்பெயின்ல இருந்து துரத்தப்பட்ட யூதர்கள் நெறைய பேர் தெசலோனிக்கி பக்கம் வந்து தங்கினாங்க, அவங்க சமையல்ல அக்ரிஸ்தாதான்னு முட்டை எலுமிச்சை சாஸ் இருக்கு, அவங்க மூலமா தான் இது பரவுச்சுன்னு சொல்றவங்க உண்டு. யாயா கிட்ட கேட்டா "எங்கம்மா கண்டுபுடிச்சது"ம்பாங்க. ஆனா கிரீஸ்ல இது சூப்போட நிக்கல, திராட்சை இலையில அரிசி கறி சுத்தினதுக்கு, யுவர்லாக்கியாங்கிற கறி உருண்டைக்கு எல்லாத்துக்கும் இதே முட்டை எலுமிச்சைய தான் ஊத்துவாங்க. ஈஸ்டர் சனிக்கிழமை நடு ராத்திரி சர்ச் முடிஞ்சு வந்து விரதம் முடிக்கறதும் இது கலந்த ஆட்டுக்குடல் சூப்ல தான், அதுக்குப் பேரு மயிரீட்சா. சிரிச்சு முடிச்சிட்டீங்களா? நானும் மொத தடவ சர்ச் வாசல்ல நின்னு சிரிச்சேன், வீட்டுக்காரர் முறைச்சார்.

வேலூர்வாசி: திரும்பவும் நான் தான். ஒரு வேளை மறுபடி திரிஞ்சா கொட்டிடறதா?

கொட்டாதீங்க, சாப்பிடலாம். அரிசியும் கோழியும் வடிகட்டி எடுத்துட்டு, சூடு கொஞ்சம் தணிஞ்சதும் தண்ணிய மட்டும் மிக்சியில அடிச்சு திரும்ப கலந்துடுங்க, முக்காவாசி சரியாயிடும். மூடியில ஆவி போக வழி விட்டு அடிங்க, இல்லன்னா மேல கூரையில தெறிக்கும். பழைய மொழமொழப்பு வராது, பிரட்ட முக்கி சாப்பிட்டா யாரும் கண்டுபுடிக்க மாட்டாங்க.

இட்லி சங்கம்: இட்லிக்கு ஊத்திக்கலாமா?

அங்க பிரட்டு, ஃபேட்டா சீஸ், ஆலிவ் காய் இதோட தான் சாப்பிடுவாங்க. ஆனா எங்க வீட்டுக்காரர் நேத்து ராத்திரி ரெண்டு இட்லிய அதுல ஊற வெச்சு சாப்பிட்டார். மூணாவதும் கேட்டார்.