கொடி கட்டினால் நாய் பயப்படுமா?

கேள்வி: எங்கள் வெள்ளாடுகள் ஊர்ப் புறம்போக்கில், கருவைக்காட்டு ஓரமாக மேய்கின்றன. போன வாரம் ராத்திரி ஏதோ பட்டிக்குள் புகுந்து நாலு குட்டிகளைக் கடித்துப் போட்டுவிட்டது. நரி என்கிறார்கள். அமெரிக்காவில் கயிற்றில் சிவப்புத் துணி கட்டி ஓநாயை விரட்டுகிறார்களாமே, நாமும் கட்டலாமா டாக்டர் ஐயா?
- வாசகர், தேவிபட்டினம்

பதில்: கட்டலாம். ஆனால் கட்டிவிட்டுத் தூங்கிவிடாதீர்கள்.

அது ஓநாய்க்கென்றே வந்த வித்தை. கிழக்கு ஐரோப்பாவில் வேட்டைக்காரர்கள் ஓநாயை மடக்கக் கட்டியது. பழக்கமில்லாத பொருளைக் கண்டால் ஓநாய் தயங்கும். காற்றில் ஆடும் துணியைத் தாண்டாது. அதுவும் சில வாரம், மிஞ்சினால் இரண்டு மாதம். அப்புறம் பழகிவிடும். அமெரிக்காவில் அரசு நிலத்தில் ஒரு பசுவும் கன்றும், அல்லது ஐந்து ஆடுகள், ஒரு மாதம் மேய 2025-இல் கட்டணம் 1.35 டாலர்தான். மேய்ச்சல் சல்லிசு, காவலுக்குத்தான் செலவு. துணியை மட்டும் நம்பாமல், குதிரையில் மந்தையோடு சுற்றச் சம்பள ஆள் வைக்கிறார்கள். நம் கீதாரிகள் கிடையிலேயே படுத்துக் காலங்காலமாகப் பார்க்கிற வேலை அது!

உங்கள் குட்டிகளுக்கு வருவோம். நாலையும் தின்னாமல் போட்டுவிட்டுப் போயிருக்கிறது என்றால் எனக்கு நரி மேல் சந்தேகம் இல்லை. நரி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு ஓடிவிடும். தொடை, காது, பின்பக்கம் என்று கண்டபடி குதறியிருந்தால் அது பெரும்பாலும் நாய். நம் ஊர் நாய் கட்சிக் கொடிக்கும் திருவிழாத் தோரணத்துக்கும் அடியில் படுத்து வளர்ந்தது. உங்கள் சிவப்புத் துணிக்கா பயப்படப்போகிறது?

உங்கள் பக்கம் பழைய மீன்வலைக்குப் பஞ்சமில்லையே, அதைப் பட்டியைச் சுற்றி இழுத்துக் கட்டுங்கள். கொம்பு சிக்காத சின்னக் கண்ணி வலையாக இருக்கட்டும். அடி விளிம்பை மண்ணில் புதைக்க வேண்டும். நாய் தாண்டுவதைவிடத் தோண்டி நுழைவதுதான் அதிகம். பட்டியை ஒட்டிய கருவையை வெட்டுங்கள், பதுங்கி வர இடம் இருக்காது. கருவாட்டுக் கழிவைப் பக்கத்தில் கொட்டவே கூடாது. காவலுக்கு நாய் வளர்ப்பதானால், குட்டியிலிருந்தே ஆடுகளோடு படுத்து வளர்ந்ததாக இருக்கட்டும்.

செத்த ஆட்டை உடனே புதைத்துவிடாதீர்கள். தெருநாய் கடித்துச் செத்த கால்நடைக்குத் தமிழக அரசு 2025-இல் இழப்பீடு அறிவித்தது. படம் எடுத்து, கால்நடை மருத்துவரிடம் காட்டி, எழுத்தில் வாங்கிக்கொண்டு ஆழமாகப் புதையுங்கள்.

கேள்வி: செத்த ஆட்டில் விஷம் தடவி வைத்தால் தொல்லை ஒரேயடியாகத் தீராதா?
- வாசகர், வாலிநோக்கம்

பதில்: முதலில் சாவது பக்கத்து வீட்டுக் காவல் நாயாக இருக்கும், அடுத்தது காக்கை. நரி செத்தால் 1972 வனவிலங்குச் சட்டத்தில் வழக்கு. வேண்டாம்.

கேள்வி: நாய் கடித்த ஆடு பிழைத்துவிட்டது. மஞ்சள் அரைத்துப் பூசியிருக்கிறேன், போதாதா?
- வாசகி, ஏர்வாடி

பதில்: போதாதும்மா. கடிபட்ட உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் காயத்தைக் கழுவியிருக்க வேண்டும். இப்போதாவது கழுவிவிட்டு, இன்றைக்கே வெறிநோய்த் தடுப்பூசியைத் தொடங்குங்கள். முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்தால் 3, 7, 14, 28-ஆம் நாட்களில் மற்ற ஊசிகள். ஆடு நன்றாகத்தானே மேய்கிறது என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள். மஞ்சள் பூசியபோது உங்கள் கையில் சிராய்ப்பு ஏதும் இருந்ததா? இருந்தால் ஆட்டுக்கு முன்னால் நீங்கள் அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.