வயிற்று மாத்திரைக்குள் ஒரு வளையம்: பல்லின வளையச் சேர்மங்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: சார், பென்சீனில் ஒரு கார்பனுக்குப் பதில் நைட்ரஜன் வந்தால் மருந்துக்கு என்ன லாபம்?

பதில்: முதலில் கரைதிறன். பென்சீன் ஒரு லிட்டர் தண்ணீரில் 2 கிராம்கூடக் கரையாது. அப்படி ஒரு கார்பன் நைட்ரஜனாக மாறிய பிரிடின் எந்த விகிதத்திலும் கலக்கும். அதன் நைட்ரஜனின் தனித்த எலக்ட்ரான் இணை வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் புரதத்தோடு ஹைட்ரஜன் பிணைப்பும் அமையும். நைட்ரஜனுள்ள ஐந்தணு வளையமான பிரோலிடம் இதை எதிர்பார்க்காதீர்கள். அங்கே அந்த இணை வளையத்துக்குள்ளேயே செலவாகிவிடுகிறது.

கேள்வி: வயிற்று அமிலத்தைக் குறைக்கும் சிமெடிடினை இப்போது ஏன் அவ்வளவாக எழுதுவதில்லை?

பதில்: அதிலுள்ள இமிடசோல், அதாவது இரண்டு நைட்ரஜன் கொண்ட ஐந்தணு வளையம்தான் காரணம். அதை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் குழு, அமிலச் சுரப்பைத் தூண்டும் ஹிஸ்டமினிலிருந்தே தொடங்கியதால் அதன் இமிடசோல் வளையமும் கூடவே வந்தது. சிமெடிடினுக்கு முந்தைய மருந்தான மெட்டியமைடு சிலருக்கு வெள்ளையணுக்களைக் குறைத்தது. பழி அதிலிருந்த தயோயூரியா தொகுதி மேல் விழுந்தது. அந்த இடத்தில் சயனோகுவானிடின் தொகுதியைப் பொருத்தி 1976-ல் சிமெடிடின் வந்தது. வளையத்தைத் தொடவில்லை. இமிடசோல் நைட்ரஜன் மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரலின் சைட்டோகுரோம் பி450 நொதியிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொள்ளும். வார்ஃபரின், ஃபெனிடோயின், தியோஃபிலின் போன்ற பிற மருந்துகள் எல்லாம் சிதையாமல் ரத்தத்தில் ஏறும். பின்னர் வந்த ரானிடிடினில் ஃபியூரான், ஃபமோடிடினில் தயசோல் என்று வளையத்தை மாற்றியதும் இந்தத் தொல்லை பெரிதும் அடங்கியது. தினசரி அளவும் 800 மி.கி.யிலிருந்து 300, பிறகு 40 என்று இறங்கியது.

கேள்வி: அப்படியானால் 2020-ல் அமெரிக்காவில் ரானிடிடினைத் திரும்பப் பெற்றது ஃபியூரானாலா?

பதில்: இல்லை, அது வீண்பழி. மூலக்கூறின் ஒரு முனையில் டைமெத்தில்அமினோ, மறுமுனையில் நைட்ரோ. இரண்டும் சேர்ந்து, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நைட்ரசோடைமெத்தில்அமீன் உருவாக வழிசெய்கின்றன. வெப்பத்தில் வைத்திருந்தால் கூடுகிறது. ஃபமோடிடினில் அந்த இரண்டு தொகுதியும் கிடையாது.

கேள்வி: ஐயா, அம்மாவால் கேப்ஸ்யூலை விழுங்க முடியவில்லை. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோலைப் பொடித்துக் கொடுக்கலாமா?

பதில்: பொடிக்காதீர்கள். இதன் பிரிடின் வளையம் அமிலத்தில் புரோட்டானை ஏற்று அங்கேயே சிக்கிக்கொள்ளும். பிறகு மூலக்கூறு உருமாறி அமிலத்தைச் சுரக்கும் புரோட்டான் பம்ப் என்ற புரதத்தின் சிஸ்டீன் அமினோ அமிலத்தோடு பிணையும். இது இரைப்பைச் சுவர் செல்லில் நடக்க வேண்டியது. உருண்டைகளின் அமிலம் தாங்கும் பூச்சு உடைந்தால் வயிற்றுக்குள்ளேயே நடந்து மருந்து வீணாகும். கேப்ஸ்யூலைத் திறந்து, உருண்டைகளை ஆப்பிள் கூழில் கலந்து மெல்லாமல் விழுங்கச் சொல்லுங்கள். பால் வேண்டாம், அதன் அமிலத்தன்மை குறைவு என்பதால் பூச்சு முன்பே கரையும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு நல்லது. முதலில் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: 2-பிரிடைல்போரானிக் அமிலத்தோடு சுசூகி வினை (பல்லேடியம் வினையூக்கியால் இரு துண்டுகளை இணைப்பது) மூன்று முறை தோற்றுவிட்டது. பல்லேடியம் கெட்டதா?

பதில்: பல்லேடியத்தைச் சந்தேகிக்கும் முன் பக்கத்து நைட்ரஜனைப் பாருங்கள். நீர், காரம், சூடு மூன்றும் சேர்ந்தால் 2-ஆம் இடத்து போரான் கழன்று வெறும் பிரிடின் மிஞ்சும். 3, 4-ஆம் இடங்களில் இவ்வளவு மோசமில்லை. 2-புரோமோபிரிடினை எடுத்துக்கொண்டு போரானை எதிர்த் துண்டில் வையுங்கள். விளைபொருள் பிரித்தெடுக்கும் சிலிக்கா நிரலில் (column) வால்பிடித்து இழுபட்டால் கரைப்பானில் 1% டிரைஎத்தில்அமீன் சேருங்கள்.